சமீபத்தில் தெரியவந்தது

கோர்ட்டில் வழக்குத் தொடர வாதி தாக்கல் செய்கிற பிராதில் எந்தப் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்கலாம் என்று கேட்டால், வியாஜ்ஜிய மூலப் பத்தி, அதாவது வழக்குப் போடக் காரணம் எப்போது, எங்கே ஏற்பட்டது என்று சொல்கிற பத்தி என்று யோசிக்காமல் சொல்வேன். எந்த வக்கீல் கொடுத்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். "இவ்வழக்கிற்கான வியாஜ்ஜிய மூலம், மேலே பிராதில் சொல்லப்பட்ட பல்வேறு தேதிகளிலும், பிரதிவாதிகள் வாதியின் உரிமையை மறுத்த சமீபத்திய தேதியிலும், இந்நீதிமன்ற அதிகார எல்லைக்கு உட்பட்ட சேலத்தில் ஏற்பட்டது." பாதி பேர் அதை எழுதித் தருவதுகூட இல்லை. "அக்கா, போன வாரம் ஒரு பிராது அடிச்சீங்களே, அதுல இருக்கிற மூலம் பத்தியவே இதுலயும் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் வக்கீல் இல்லை. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ரெமிங்டன் தமிழ் மெஷினில் கார்பன் தாள் வைத்து அடித்த காலம், பிறகு கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த காலம், இப்போது இ-ஃபைலிங்குக்காக பிடிஎஃப் ஆக்கித் தருகிற காலம் என்று எல்லாவற்றிலும் இதே வேலைதான். பிராது, பதிலுரை, ஐ.ஏ. என்கிற இடைக்கால மனு, வக்காலத்து, அஃபிடவிட். ஊரில் இருக்கிற பங்காளிச் சண்டையில் பெரும்பங்கு என் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகிறது. யார் வீட்டில் என்ன என்று வெளியே சொல்வதில்லை. கீழே வருகிற அம்மாயியின் விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டேன்.

சாட்சி, கிராஸ் என்கிற குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம் முடிந்து தோற்பது ஒரு வகை. அதற்கெல்லாம் முன்னாலேயே, பிராதை மட்டும் படித்துவிட்டு "இதில் வழக்கே இல்லை" என்று கோர்ட் மூடி வைப்பது இன்னொரு வகை. நான் பார்த்த வரைக்கும், இந்த இரண்டாவது வகையில் அடிபடுகிறவர்கள் நிறைய பேரிடம் வழக்கு இருந்தது, பேப்பரில்தான் அது ஏறவில்லை. கோபம் நாலு பக்கத்துக்கு ஏறியிருக்கும், தேதி ஒரு வரி ஏறியிருக்காது.

கடைக்கு வருகிற கட்சிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் "கேஸைத் தள்ளிட்டாங்க" என்றே சொல்கிறார்கள். அது அப்படி இல்லை. பிராது ரிட்டர்ன் ஆவது வேறு. மதிப்பு சரியில்லை, சொத்தின் நாலு எல்லையைச் சொல்கிற செக்குபந்தி விட்டுப்போச்சு, ஆவணப் பட்டியலில் நம்பர் இடிக்கிறது என்று ஆபீஸிலிருந்து குறிப்பெழுதித் திருப்புவார்கள். சரிபண்ணி, கொடுத்த கெடுவுக்குள் திரும்ப வைத்தால் நம்பர் ஆகிவிடும். எல்லா வக்கீலுக்கும் நடப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தள்ளுபடி என்பது விசாரணை முடிந்து தோற்பது, அல்லது வாய்தாவுக்கு வராமல் போய்த் தோற்பது. நடுவில் இருப்பதுதான் நிராகரிப்பு. சிவில் நடைமுறைச் சட்டம், 1908, ஆர்டர் 7, ரூல் 11. கோர்ட் வராண்டாவில் "செவன் லெவன் போட்டுட்டான்" என்று யாராவது சொன்னால், பிராதை நிராகரிக்கச் சொல்லி எதிர்த்தரப்பு இந்த ரூலின் கீழ் மனுப் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ரூலில் சில காரணங்கள் கோர்ட் கட்டணம் பற்றியவை. குறைவாக மதிப்புப் போட்டு, திருத்தச் சொல்லியும் திருத்தாதது, போதுமான ஸ்டாம்பு ஒட்டாதது இப்படி. தமிழ்நாட்டில் 2017-இல் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்த பிறகு அந்தத் தலைவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உண்மையான சண்டை இரண்டு காரணங்களில்தான். ஒன்று, பிராதில் வியாஜ்ஜிய மூலம் வெளிப்படவில்லை என்பது. இன்னொன்று, பிராதைப் படித்தாலே அது சட்டத்தால் தடுக்கப்பட்ட வழக்கு என்று தெரிகிறது என்பது. இந்த இரண்டாவதில் அதிகமாக வருவது காலாவதி, அதாவது வழக்குப் போடச் சட்டம் கொடுத்த கெடு தாண்டிவிட்டது என்பது.

இந்த மனுவை விசாரிக்கும்போது நீதிபதி பிராதையும், அதோடு தாக்கல் செய்த ஆவணங்களையும் மட்டும்தான் பார்ப்பார். பிரதிவாதி பதிலுரையில் என்ன சொன்னார், அவர் பையில் என்ன பத்திரம் வைத்திருக்கிறார் என்பது அந்தக் கட்டத்தில் கணக்கில் வராது. பிராதில் எழுதியது அத்தனையும் நிஜம் என்றே வைத்துக்கொண்டு, அப்படியும் இவருக்குப் பரிகாரம் கேட்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சலீம் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெயரைக் காதில் மட்டும் கேட்டுவிட்டு அது சேலத்திலிருந்து போன வழக்கு என்று நம்பிக்கொண்டிருந்த ஜூனியர் ஒருவர் உண்டு. அது மகாராஷ்டிர வழக்கு.

நிஜமாகவே சேலத்திலிருந்து போன வழக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தெரியாத சட்டக் கல்லூரி மாணவர் இந்தியாவில் இருக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-இலும் 2002-இலும் திருத்தம் கொண்டுவந்து, 2002 ஜூலை 1 முதல் அமலாக்கினார்கள். அதை எதிர்த்து நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2002 அக்டோபரில் ஒரு தீர்ப்பு, நீதிபதி ஜகன்னாத ராவ் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்த பிறகு 2005 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. திருத்தங்கள் செல்லும் என்றுதான் முடிந்தது. ஆனால் பதிலுரை போட 90 நாள் என்ற கெடு இரும்புக் கெடு அல்ல என்பது போன்ற தளர்வுகள் அந்தத் தீர்ப்பால் கிடைத்தன. டெல்லியிலோ கொல்கத்தாவிலோ ஒரு வக்கீல் "சேலம் பார்" என்று சொன்னால் அவர் மாம்பழத்தை நினைத்துச் சொல்லவில்லை.

அந்தத் திருத்தத்தில்தான் பிராதோடு கட்சிக்காரர் அஃபிடவிட்டும் போட வேண்டும் என்று வந்தது. அது கட்சிக்காரருக்குக் கூடுதல் பொறுப்பு என்று கோர்ட் சொன்னது. எனக்கு அது கூடுதலாக ஒரு பக்கம் டைப்பிங். பிராதின் கடைசியில் உறுதிமொழி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எத்தனையாவது பத்தி முதல் எத்தனையாவது பத்தி வரை என் சொந்த அறிவில் உண்மை, எது பிறர் சொல்லக் கேட்டு நம்புவது என்று நம்பர் போட்டுச் சொல்ல வேண்டும். அதையும் பழைய ஃபைலிலிருந்துதான் எடுப்பார்கள். பிராதில் 17 பத்தி இருக்கும், உறுதிமொழியில் "1 முதல் 12 வரை" என்று இருக்கும். மீதி அஞ்சு பத்திக்கு யார் பொறுப்பு? நான் கேட்டால் "அட ஆமாங்க்கா" என்று பேனாவால் திருத்துவார்கள். இது பிற்பாடு சரிசெய்துகொள்ளக் கூடிய குறைதான், இதற்காக யாரும் வழக்கை இழந்துவிடுவதில்லை. ஆனால் பிராதை எழுதியவரே கடைசிவரை படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, அம்மாயி கதைக்கு வருகிறேன்.

ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் போகிற பக்கம் ஒரு ஊர். ஒண்ணரை ஏக்கர் காபி, நிழலுக்குச் சில்வர் ஓக், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. அம்மாயிக்கு வயசு எழுபதுக்கு மேல், கைநாட்டு. 2011-இல் அண்ணன் மகன் வந்து, "பேங்க்ல லோன் எடுக்கறேன் அத்தை, ஜாமீனுக்கு நீ ஒரு கை வெச்சாப் போதும்" என்று சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். வைத்த கை, நிலத்தை அவனுக்கே தானமாக எழுதிக்கொடுக்கிற தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் விழுந்தது. நிலம் போய்விட்டது என்று அம்மாயிக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் நிலத்தை விட்டு அவரை யாரும் இறக்கவில்லை. வருஷா வருஷம் பழம் பறித்தார், மிளகு காயவைத்தார், வியாபாரியிடம் போட்டுக் காசு வாங்கினார். 2017-இல் பயிர்க்கடனுக்காக இ-சேவை மையத்தில் சிட்டா எடுத்தபோதுதான் பட்டா அண்ணன் மகன் பெயரில் இருந்தது தெரிந்தது.

முதலில் பிடித்த வக்கீல் எழுதிய பிராதை 2018-இல் நான்தான் டைப் அடித்தேன். அண்ணி இறந்த பிறகு அந்தப் பையனை அம்மாயி எப்படி வளர்த்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். "மோசடியாகவும் வஞ்சகமாகவும் ஏமாற்றியும்" என்ற வரி, வரவேண்டிய இடத்திலும் வந்தது, வரவேண்டாத இடத்திலும் வந்தது. கடைசியில் ஒரு வரி: "மேற்படி மோசடி வாதிக்குச் சமீபத்தில் தெரியவந்தது."

"சார், எப்போன்னு தேதி இல்லையே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எவிடன்ஸ்ல வந்துரும் அக்கா. பிராதுல எவிடன்ஸ் எழுதக்கூடாதுன்னு சட்டமே இருக்கு."

சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆர்டர் 6, ரூல் 2. பிராதில் வழக்குக்கு ஆதாரமான சங்கதிகளைச் சொல்ல வேண்டும், அதை எப்படி நிரூபிக்கப்போகிறோம் என்ற சாட்சியத்தை எழுதக்கூடாது. ஆனால் அந்த வக்கீல் எதை விட்டார், எதை எழுதினார் என்று பாருங்கள். இன்ன தேதியில் எனக்குத் தெரிந்தது என்பது சங்கதி. அதைக் காட்டுகிற சிட்டா நகல் சாட்சியம். கல்யாணத்துக்குப் போட்ட பவுன் இரண்டுமே இல்லை. விட வேண்டியதை எழுதி, எழுத வேண்டியதை விட்டுவிட்டார். அடுத்த ரூல்களில் ஒன்று, ரூல் 4, மோசடி என்று சொன்னால் அதன் விவரங்களை, தேவைப்படுகிற இடத்தில் தேதியோடு, பிராதிலேயே தரவேண்டும் என்கிறது. மோசடி என்ற வார்த்தையை எத்தனை தடவை எழுதினாலும் அது விவரம் ஆகாது. யார், எங்கே, என்ன சொல்லி, எதில் கை வைக்கச் சொன்னார், அதைப் படித்துக் காட்டினார்களா இல்லையா என்பதுதான் விவரம்.

அண்ணன் மகன் தரப்பு செவன் லெவன் போட்டது. ஒரு பத்திரத்தை ரத்துசெய்யச் சொல்லிக் கேட்கக் காலாவதிச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள ஆர்ட்டிகிள் 59-இன்படி மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம், பத்திரத்தை ரத்துசெய்யக் காரணமான சங்கதி வாதிக்கு முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து ஓடும். ஆக அந்தத் தேதிதான் வழக்கின் உயிர். கெடு தாண்டியது போலத் தோன்றுகிற வழக்கில், ஏன் தாண்டவில்லை என்ற காரணத்தைப் பிராதிலேயே காட்டவேண்டும் என்றும் ஆர்டர் 7, ரூல் 6 சொல்கிறது. 2019-இல் வந்த உத்தரவின் நகலை நான் படித்தேன். நீதிபதி திட்டவில்லை, அம்மாயி பொய் சொல்கிறார் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. பத்திரம் 2011, தாவா (வழக்கு) 2018, வாதிக்கு என்றைக்குத் தெரிந்தது என்று பிராதில் இல்லை, "சமீபத்தில்" என்பது தேதி ஆகாது, மோசடிக்கு விவரம் இல்லை, எனவே பிராது நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

உத்தரவு வந்த பிறகு அம்மாயி என் கடைக்கு வந்தார். கையில் மஞ்சப்பை. உள்ளே ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டு, கூட்டுறவுச் சங்க ரசீது, அதோடு நாலாக மடித்த அந்தச் சிட்டா. ஆன்லைனில் எடுத்த சிட்டா நகலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் இது இன்ன தேதியில் இத்தனை மணிக்கு இத்தனை நிமிஷத்துக்கு அச்சடிக்கப்பட்டது என்று நொடி வரைக்கும் இருக்கும். கோர்ட் தேடிய தேதி அது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பையில்தான் இருந்தது. பிராதோடு அது தாக்கலும் ஆகவில்லை. "இதைக் காட்டினீங்களா அம்மாயி?" என்றேன். "ஆரும் கேக்கலையே பாப்பா" என்றார்.

எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அந்த வக்கீல் மேல் மட்டும் இல்லை. நம் ஊரில் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் கதை கேட்போம், அழுதால் தண்ணீர் கொடுப்போம், பையைத் திறந்து ஒவ்வொரு பேப்பராகப் பார்க்க மாட்டோம். பையைத் திறப்பது அரை மணி நேர வேலை.

நிராகரிப்பில் ஒரு நல்ல சங்கதி, அது சட்டப்படி டிக்ரிக்கு, அதாவது வழக்கை முடித்துவைக்கிற தீர்ப்பாணைக்கு, சமம். அதனால் அப்பீல் போகலாம். அதைவிட நல்லது, அதே ஆர்டரில் ரூல் 13. நிராகரித்துவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, அதே விஷயத்தில் புதுப் பிராது போடுவதைத் தடுக்க முடியாது. கெடு மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். விசாரணை முடிந்து தள்ளுபடியானால் இந்த வசதி கிடையாது. அம்மாயிக்கு 2017 ஜூலையிலிருந்து மூன்று வருஷம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு வக்கீலம்மாவிடம் போனார். கொரோனா ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், 2020 தொடக்கத்தில், புதுப் பிராது தாக்கலானது. அதையும் நான்தான் அடித்தேன்.

பிராது பாதியாகச் சுருங்கியிருந்தது. வளர்த்த கதை மூன்று வரி. பவுன் கணக்கு போயே போய்விட்டது. முக்கியமான பத்தி ஏறக்குறைய இப்படி: "2011-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில், மேற்படி ஆவணம் வங்கிக் கடனுக்கான ஜாமீன் என்று 1-ஆம் பிரதிவாதி வாதியிடம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத வாதிக்கு அது படித்துக் காட்டப்படவில்லை. அன்று முதல் இன்று வரை சொத்து வாதியின் அனுபோகத்திலேயே இருந்து வருகிறது. 2017 ஜூலையில் சிட்டா நகல் எடுத்தபோதுதான் அது தான செட்டில்மெண்ட் என்பதை வாதி முதன்முதலாக அறிந்தார்." அசலில் நாளும் மணியும் இருந்தன. வியாஜ்ஜிய மூலப் பத்தியை அந்த வக்கீலம்மா கடைசியில் எழுதவில்லை, முதலில் எழுதி எடுத்து வந்திருந்தார். அதை வைத்துத்தான் மற்ற பத்திகளை எழுதினாராம். நான் பார்த்ததில் அப்படிச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கோர்ட் கட்டணம் மட்டும் மறுபடி முதலிலிருந்து. நிலத்தின் மதிப்புக்கு 3 சதவீதம், அந்த வருஷத்து மிளகுக் காசு அப்படியே அதில் போனது.

இந்த விஷயம் வெளிநாட்டில் எப்படி என்று எனக்கு ஒரு ஆர்வம் இருந்தது. கடைக்கு ரொம்ப காலமாக வருகிற ஒரு சீனியரின் பேத்தி அமெரிக்காவில் சட்டம் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது தாத்தாவோடு கடைக்கு வந்தாள். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, "ஏன் கண்ணு, அங்கயும் பிராதைப் படிச்சுட்டே கதவைச் சாத்துவாங்களா?" என்று கேட்டேன். சாத்துவார்களாம். ஃபெடரல் கோர்ட்டில் அதற்கு ரூல் 12(பி)(6) என்று பெயர். 1938-இல் வந்த விதிப்படி, வாதி தன் கோரிக்கையைச் சுருக்கமாக, நேரடியாகச் சொன்னால் போதும். 1957-இல் கறுப்பின ரயில்வே தொழிலாளர்கள் தங்கள் யூனியன்மேல் போட்ட கான்லி வழக்கில், எந்தச் சங்கதியை நிரூபித்தாலும் இவருக்குப் பரிகாரம் கிடைக்காது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால்தான் நிராகரிக்க வேண்டும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. அம்பது வருஷம் அப்படியே ஓடியது. 2007-இல் டெலிபோன் கம்பெனிகள் மேல் சந்தாதாரர்கள் போட்ட டுவாம்ப்ளி வழக்கில் கயிற்றை இறுக்கினார்கள். கம்பெனிகள் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்று எழுதினால் மட்டும் போதாது, கூடிப் பேசிச் சதி செய்தன என்று நம்பும்படியான சங்கதியும் வேண்டும் என்றார்கள்.

அப்புறம் 2009, இக்பால் வழக்கு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் பிடித்து வைக்கப்பட்ட ஒரு பாகிஸ்தானியர், மதத்தையும் இனத்தையும் வைத்து என்னைக் கொடுமைப்படுத்தினார்கள், அந்தக் கொள்கையே மேலிடத்தில் முடிவானது என்று அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மேலும் எஃப்பிஐ இயக்குநர் முல்லர் மேலும் வழக்குப் போட்டார். அவர்கள் இருவர்மேலும் எழுதியது வெறும் முடிவுரை, சங்கதி போதாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு. டுவாம்ப்ளி தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டரே இதில் எதிர்த்தரப்பில் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் என்று அந்தப் பொண்ணு சொன்னபோது எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

எனக்கு அந்த இக்பால் தீர்ப்பு உறுத்துகிறது. அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டவருக்கு மேலே மேஜையில் யார் என்ன பேசினார்கள் என்று எப்படித் தெரியும்? அது எதிராளியின் பையில் இருக்கிற சங்கதி. அம்மாயி விஷயத்தில் அது அவர் பையிலேயே இருந்தது, அதனால்தான் எனக்கு அந்த உத்தரவின்மேல் குறை சொல்ல வரவில்லை. நம் ஊர் முறையில் நீதிபதி "இது நம்பும்படி இருக்கிறதா" என்று அந்தக் கட்டத்தில் எடைபோடுவதில்லை. எழுதியதை நிஜம் என்றே எடுத்துக்கொள்கிறார். எழுதத்தான் வேண்டும்.

செவன் லெவனே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய அறிவாந்தந்தம் தீர்ப்பை இந்த மனு போடுகிற எல்லாரும் ஒட்டுகிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவான பிறகும் தாவாமேல் தாவாவாகப் போட்டு இழுத்த பெங்களூர் வழக்கு அது. சாமர்த்தியமாக எழுதி வியாஜ்ஜிய மூலம் இருப்பது போல மாயை காட்டினால் முளையிலேயே கிள்ளி எறியுங்கள், தேவைப்பட்டால் கட்சிக்காரரையே கூப்பிட்டு விசாரியுங்கள் என்றார். அப்படிப்பட்ட பிராதுகளை நானும் அடித்திருக்கிறேன். அப்பா தோற்ற வழக்கை மகன் பெயரில், மகன் தோற்றதை மருமகள் பெயரில். அவற்றைக் கிள்ளுவதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இந்த மனுவையே இழுக்கிற கயிறாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கட்டத்திலும் போடலாம் என்பதால், சாட்சி கூண்டில் ஏறப்போகிற நேரம் பார்த்துப் போடுவார்கள். பிராதில் நாலு பரிகாரம் கேட்டு அதில் ஒன்று நின்றாலும் போதும், பிராதைத் துண்டு துண்டாக நிராகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் போடுவார்கள். மனு தள்ளுபடியானால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரிவிஷன், அதாவது மறுசீராய்வு மனு. அது முடிகிற வரைக்கும் இங்கே ஃபைல் தூங்கும். வாதி வயசானவராக இருந்தால் கணக்கு அவர்களுக்கு இன்னும் சௌகரியம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படிக் கணக்குப் போட்டு என் கடையிலேயே உட்கார்ந்து பேசியவர்கள் உண்டு.

அம்மாயியின் இரண்டாவது தாவாவிலும் அண்ணன் மகன் தரப்பு விடவில்லை, மறுபடியும் செவன் லெவன். இந்தத் தடவை கையில் புதுத் தீர்ப்பு, 2020 ஜூலையில் வந்த தாஹிபென். சூரத் நிலம், 2009-இல் கிரயப்பத்திரம், காசோலைகள் போலி, பணம் வரவில்லை என்று 2014-இல் வழக்கு. பணம் வரவில்லை என்றால் அது அப்போதே தெரிந்திருக்குமே, அஞ்சு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் பிராதை நிராகரித்தது சரிதான் என்றது. வக்கீலம்மாவின் பதில் எளிமையானது. அங்கே வாதிக்குத் தான் விற்றது தெரியும். இங்கே வாதிக்குத் தான் எதில் கை வைத்தோம் என்பதே தெரியாது, தெரிந்த நாள் எது என்று பிராதில் இருக்கிறது, அது பொய் என்றால் கூண்டில் ஏற்றி நிரூபிக்கட்டும். மனு தள்ளுபடி. சென்னைக்குப் போனார்கள், ரிவிஷனும் தள்ளுபடி. அதற்குள் இரண்டு காபி சீசன் முடிந்துவிட்டது.

இப்போது அம்மாயி சாட்சிக் கூண்டில். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த 2017 தேதியைத்தான் உடைக்கப் பார்க்கிறாராம். யாரோடு போனீர்கள், என்ன கிழமை, யார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது? அம்மாயி, மருமகளோடு போனது, மழையில் கரண்ட் போய் மத்தியானம் வரைக்கும் மையத்து வாசலில் உட்கார்ந்திருந்தது, கரண்ட் வந்ததும் அந்தப் பையன் மூன்று பேருக்குச் சேர்த்து எடுத்தது, இவருடையது கடைசி என்பது வரைக்கும் சொன்னாராம். நீதிபதி சிட்டாவின் அடியில் இருக்கிற மணியைப் பார்த்துக்கொண்டார் என்று வக்கீலம்மா சொன்னார். கிராஸ் இன்னும் முடியவில்லை. மேற்கொண்டு கேள்விகள் தயார் செய்ய எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா வாங்கியிருக்கிறார்.